மடியும் சங்கிலி: புரதத்தின் அமைப்பும் வகைகளும்

சீப்பில் சிக்கிய தலைமுடி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விட்டால் பழையபடி சுருங்கிவிடும். பட்டு இழை ஒன்றை அப்படி இழுத்தால் அந்த அளவுக்கு நீளாது. முடியும் புரதம், பட்டும் புரதம். இரண்டும் அமினோ அமிலம் என்ற ஒரே வகைத் துண்டுகளைக் கோத்துச் செய்யப்பட்டவை. பிறகு ஏன் ஒன்று நீள்கிறது, மற்றது நீள மறுக்கிறது? முடியில் அந்தச் சங்கிலி சுருள்வில் போலச் சுருண்டிருக்கிறது. இழுத்தால் சுருள் அவிழ்கிறது. பட்டில் சங்கிலி ஏற்கெனவே நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மேற்கொண்டு நீள இடமில்லை.

புரதத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: சங்கிலி எப்படி மடிந்திருக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் வேலை அமைகிறது. முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, நான்காம்நிலை என்று நான்கு பெயர்களையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய காலத்தில் எனக்கு இது விளங்கவில்லை. அவை நான்கு தனித்தனிப் பொருள்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரே சங்கிலியை முதலில் மிக அருகிலிருந்தும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நின்றும் பார்ப்பதுதான் அந்த நான்கு நிலைகள். இது புரிந்ததும் பாடம் முழுவதும் இலகுவாகிவிட்டது. அந்த வரிசையிலேயே போகலாம்.

இருபது துண்டுகள்

ஓர் அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன் அணு இருக்கிறது. கார்பனுக்கு நான்கு கைகள். ஒரு கையில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி. இன்னொரு கையில் கார்பாக்சில் தொகுதி, அதுதான் அமிலப் பகுதி. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அமினோ அமிலம் என்ற பெயரே வந்தது. மூன்றாவது கையில் ஒரு ஹைட்ரஜன் அணு. நான்காவது கையில் இருப்பதற்குப் பக்கச் சங்கிலி என்று பெயர். ஒரு அமினோ அமிலத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நான்காவது கைதான்.

கிளைசினின் பக்கச் சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. இருபதிலும் மிகச் சிறியது. டிரிப்டோஃபானுக்கு ஒட்டிய இரண்டு வளையங்கள், அதனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். லைசினில் நேர்மின்னேற்றம், குளுட்டமிக் அமிலத்தில் எதிர்மின்னேற்றம். செரின் தண்ணீரோடு நன்றாக ஒட்டும். வேலினும் லூசினும் எண்ணெயைப் போலத் தண்ணீரை விட்டு விலகி நிற்கும். சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. புரோலின் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்: அதன் பக்கச் சங்கிலி திரும்பி வந்து தன் நைட்ரஜனையே பற்றிக்கொண்டு வளையமாகிவிடும், அதனால் அந்த இடத்தில் சங்கிலி சுலபமாக வளையாது. இந்தக் குணங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பெயர்கள் தானாகப் பழகிவிடும்.

பாக்டீரியா முதல் யானை வரை எல்லா உயிர்களும் அடிப்படையில் இந்த இருபதைத்தான் பயன்படுத்துகின்றன. செலினோசிஸ்டீன், பைரோலைசின் என்று இன்னும் இரண்டு உண்டு, ஆனால் அரிதாகவே வரும்.

ஒரு அமினோ அமிலத்தின் அமிலப் பகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அப்படி உண்டாகும் இணைப்புக்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். சில துண்டுகள் மட்டும் சேர்ந்தால் பெப்டைடு, நீண்ட சங்கிலியானால் பாலிபெப்டைடு. எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்தான். நம் தசையில் உள்ள டைட்டின் என்ற புரதத்தில் 30,000க்கும் மேல்.

வரிசை: முதல்நிலை அமைப்பு

எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது வருகிறது என்ற வரிசைதான் முதல்நிலை அமைப்பு. கேட்பதற்கு வெறும் பட்டியல் போலத் தோன்றும். ஆனால் 100 துண்டுகள் கொண்ட ஒரு சிறிய புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபதில் எது வேண்டுமானாலும் வரலாம் என்றால், எத்தனை வரிசைகள் சாத்தியம்? 1 போட்டுப் பக்கத்தில் 130 பூஜ்யங்கள். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே 1 போட்டு 80 பூஜ்யங்கள் அளவுதான் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை சாத்தியங்களில் உயிர்கள் எடுத்தாண்டிருப்பது மிக மிகச் சிறிய ஒரு பங்கு.

ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத ஒரு வரிசை உண்டு என்பது ஒரு காலத்தில் உறுதியாகத் தெரியாத விஷயம். அதைச் செய்து காட்டியவர் கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஃபிரெடெரிக் சாங்கர். மாட்டு இன்சுலினைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டிலும் எது முதலில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, ஒன்றின் மேல் ஒன்று படியும் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பில் முழு வரிசையையும் எழுதினார். 21 துண்டுகள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் கந்தகப் பாலங்கள். 1955இல் படம் முழுமையானது, 1958இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரிசையை உயிரணுவுக்குச் சொல்லித் தருவது டிஎன்ஏ. அதில் மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன.

சுருளும் தகடும்

இப்போது ஓரடி தள்ளி நின்று பார்ப்போம். சங்கிலி நேராக நீட்டிக்கொண்டு கிடப்பதில்லை. அதன் முதுகெலும்பு நெடுக, சீரான இடைவெளியில், ஆக்சிஜன் அணுக்களும் நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் அணுக்களும் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்குள் ஒரு மெல்லிய ஈர்ப்பு உண்டு, அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாக ஒரு பிணைப்பு பலவீனமானது. நூற்றுக்கணக்கில் சேரும்போது வலுவாகிவிடும். இந்த ஈர்ப்பால் சங்கிலியின் பகுதிகள் எடுக்கும் சீரான வடிவங்களுக்கு இரண்டாம்நிலை அமைப்பு என்று பெயர். முக்கியமானவை இரண்டு: ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு.

1948இல் லினஸ் பாலிங் என்ற வேதியியலாளர் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுக்கையில் இருந்தார். பொழுது போகாமல் ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து, அணுக்களின் அளவுக்கும் கோணங்களுக்கும் ஏற்றபடி தாளை மடித்து மடித்துப் பார்த்தார். ஒரு மடிப்பில், சங்கிலி அழகாகச் சுருண்டு, ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் நேராக நான்கு இடம் தள்ளிய ஒரு ஹைட்ரஜன் வந்து நின்றது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். முழு எண்ணாக இல்லாமல் 3.6 என்று வந்ததை ஏற்கத் துணிந்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றும். மற்றவர்கள் பலர் முழு எண்களிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் கோரி, ஹெர்மன் பிரான்சன் ஆகியோருடன் சேர்ந்து 1951இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் பீட்டா தகடும் வெளிவந்தது. தகட்டில் சங்கிலிகள் நீட்டிய நிலையில் பக்கம் பக்கமாகப் படுத்து, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. மடித்துப் பிரித்த தாளைப் போல மேலும் கீழுமாக இருக்கும்.

முடியில் இருக்கும் கெரட்டின் ஆல்ஃபா சுருள்களால் ஆனது. பட்டின் ஃபைப்ரோயின் பீட்டா தகடுகளால் ஆனது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

இந்த வடிவங்கள்தான் வரும், வேறு பல வடிவங்கள் ஏன் வருவதில்லை? இதற்கு விடை தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். பெப்டைடு பிணைப்பு விறைப்பானது, தன்னைச் சுற்றித் தாராளமாகச் சுழலாது. அதற்கு இரு பக்கமும் உள்ள இரண்டு பிணைப்புகளே சுழலக்கூடியவை. ஆகவே ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரண்டே இரண்டு கோணங்கள் தெரிந்தால் சங்கிலியின் முழு நெளிவையும் சொல்லிவிடலாம். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இந்த இரண்டு கோணங்களை இரண்டு அச்சுகளில் வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும், எங்கே இடிக்காது என்று கணக்குப் போட்டபோது, பெரும்பகுதி விலக்கப்பட்ட இடமாகிவிட்டது. மிஞ்சிய சில தீவுகளில் ஒன்றில் ஆல்ஃபா சுருளும் இன்னொன்றில் பீட்டா தகடும் உட்கார்ந்திருந்தன. 1963இல் வெளியான அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரியா என்று சோதிக்கிறார்கள். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கக்கூடாது என்ற ஓர் எளிய விதியிலிருந்து இவ்வளவு பெரிய முடிவு வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முழு உருவம்

சுருள்களும் தகடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வளைவுகளும் சேர்ந்து மேலும் மடிந்து, ஒரு முழு முப்பரிமாண உருவமாகின்றன. இது மூன்றாம்நிலை அமைப்பு. பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யத் தொடங்குவது இந்த நிலையில்தான்.

இந்த மடிப்பை நடத்துவதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரில் எண்ணெய்த் துளிகளை விட்டால் அவை ஒன்றுகூடிப் பெரிய துளியாகின்றன அல்லவா? புரதச் சங்கிலியிலும் வேலின், லூசின், ஃபினைல்அலனின் போன்ற நீர் வெறுக்கும் துண்டுகள் அப்படித்தான் உள்ளே ஒதுங்குகின்றன. மின்னேற்றம் உள்ளவையும் நீர் விரும்பும் துண்டுகளும் வெளிப்புறம் நிற்கின்றன. இப்படி உள்ளே எது, வெளியே எது என்று தீர்மானமான பிறகு, நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் ஈர்ப்பது, பக்கச் சங்கிலிகளுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுவது என்று சின்னச் சின்னப் பிடிப்புகள் உருவத்தை இறுக்குகின்றன. சில புரதங்களில் இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் கைகோத்து டைசல்ஃபைடு பிணைப்பு உண்டாகும். இது வலுவான பூட்டு. நிரந்தரமாக முடியைச் சுருட்டும் சிகிச்சையில், முதலில் ஒரு வேதிப்பொருளால் கெரட்டினில் உள்ள இந்தப் பூட்டுகளைத் திறக்கிறார்கள். முடியை உருளையில் சுற்றி, இன்னொரு வேதிப்பொருளால் புதிய இடங்களில் மறுபடி பூட்டுகிறார்கள்.

ஒரு புரதத்தின் முழு உருவம் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது 1958இல். ஜான் கெண்ட்ரூவின் குழு, திமிங்கிலத்தின் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தது. நீண்ட நேரம் மூழ்கி இருக்கும் விலங்கு என்பதால் அதன் தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் இந்தப் புரதம் நிறைய இருக்கும். ஒழுங்கான, சமச்சீரான ஒன்றை எதிர்பார்த்தவர்களுக்கு, 153 அமினோ அமிலங்கள் எட்டுச் சுருள்களாக அங்கும் இங்கும் வளைந்து கிடந்த உருவம் வியப்பைத் தந்தது. டிஎன்ஏ போன்ற அழகிய சமச்சீர் அதில் இல்லை. இருந்தாலும் அந்தக் குழப்பமான வளைவுகளுக்கு நடுவே, இரும்பு அணு தாங்கிய ஹீம் என்ற தட்டையான பகுதி கச்சிதமாகப் பொருந்தும் ஒரு பை இருந்தது. அந்தப் பைக்காகத்தான் அத்தனை வளைவுகளும்.

இந்த உருவத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் செய்த சோதனை இதற்குத் தெளிவான பதில் தந்தது. ரைபோநியூக்ளியேஸ் என்பது ஒரு நொதி, அதாவது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். அதில் 124 அமினோ அமிலங்கள், நான்கு டைசல்ஃபைடு பூட்டுகள். யூரியாவையும் பூட்டுகளைத் திறக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்து, அதை முழுவதும் பிரித்துவிட்டார். நொதி செயலிழந்தது. அந்த வேதிப்பொருள்களை மெல்ல நீக்கியதும், யாருடைய உதவியும் இல்லாமல் சங்கிலி மறுபடி மடிந்து வேலை செய்யத் தொடங்கியது. எட்டு சிஸ்டீன்களை இரண்டிரண்டாக இணைக்க 105 வழிகள் உண்டு. அத்தனையிலும் சரியான ஒன்றை அது தானாகக் கண்டுபிடித்தது. உருவத்துக்கான செய்தி வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 1972இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உயிரணுவின் உள்ளே நிலைமை கொஞ்சம் கடினம். அங்கே கூட்டம் அதிகம். பாதி மடிந்த ஒரு சங்கிலி பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டுவிடலாம். அதனால் மடிவதற்குத் துணை நிற்கும் புரதங்களும் உண்டு. சில வாளி போன்ற உருவில், சங்கிலியை உள்ளே வாங்கி, தொந்தரவில்லாமல் மடிய இடம் கொடுத்து, பிறகு வெளியே விடுகின்றன.

சரி, மடிந்தது பிரிந்தால்? முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்குங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தெளிவாக இருந்த நீர்மம் கெட்டியாகி வெண்மையாகிறது. இங்கே பெப்டைடு பிணைப்புகள் உடையவில்லை, அமினோ அமிலங்களின் வரிசை மாறவுமில்லை. மெல்லிய பிடிப்புகள் வெப்பத்தில் அறுந்து சங்கிலிகள் அவிழ்ந்தன. உள்ளே ஒளிந்திருந்த நீர் வெறுக்கும் துண்டுகள் வெளியே வந்து, அக்கம்பக்கத்துச் சங்கிலிகளின் அதே மாதிரித் துண்டுகளோடு ஒட்டிப் பெரிய சிக்கலாகிவிட்டன. அந்தச் சிக்கல் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை. ஆன்ஃபின்செனின் நொதி திரும்பி மடிந்தது, அவித்த முட்டை ஆறினாலும் திரும்புவதில்லை. சிக்கிக்கொண்ட நூல்கண்டு தானாகப் பிரியாது. வெப்பத்தாலோ அமிலத்தாலோ இப்படி உருவம் குலைவதை இயல்பிழத்தல் என்கிறார்கள். கடும் காய்ச்சல் உடலுக்கு ஆபத்தாவதற்கும் இந்த நுட்பமான சமநிலை ஒரு காரணம்.

தவறாக மடிவது நோயாகவும் ஆகலாம். பிரியான் என்ற புரதம் தவறான உருவத்தை எடுத்துவிட்டால், சரியான உருவில் உள்ள மற்ற பிரியான்களையும் தன் உருவத்துக்கு மாற்றிவிடுகிறது. மூளையைச் சிதைக்கும் நோய்கள் இதனால் வருகின்றன. டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ இல்லாமல் ஒரு மடிப்பு மட்டுமே தொற்றிப் பரவும் என்று ஸ்டான்லி புரூசினர் 1982இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1997இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கூட்டாக வேலை செய்தல்

மடிந்த சங்கிலிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து ஒரே புரதமாக இயங்கினால், அந்தச் சேர்க்கைதான் நான்காம்நிலை அமைப்பு. எல்லாப் புரதத்துக்கும் இது கிடையாது. மயோகுளோபின் ஒற்றைச் சங்கிலி, அதன் கதை மூன்றாம்நிலையோடு முடிகிறது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள். 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டு (ஆல்ஃபா சுருளுக்கும் பீட்டா தகட்டுக்கும் இந்தப் பெயர்களோடு தொடர்பில்லை). ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், ஒவ்வொரு ஹீமிலும் ஓர் இரும்பு அணு. ஓர் ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது இரும்பு அணு ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரம் நகர்கிறது. அந்தச் சிறு அசைவு பக்கத்துச் சுருளை இழுக்கிறது, சுருள் அடுத்த சங்கிலியை அசைக்கிறது, அங்கே அடுத்த ஆக்சிஜன் ஒட்டுவது எளிதாகிறது. இதனால் நுரையீரலில் நான்கும் விரைவாக நிரம்புகின்றன. ஆக்சிஜன் குறைந்த திசுக்களில் ஒன்று இறங்கினால் மற்றவையும் சுலபமாக இறங்குகின்றன. தனியாக நான்கு மயோகுளோபின்களைப் போட்டாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காது. மேக்ஸ் பெரூட்ஸ் 1937இல் இந்த மூலக்கூறின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சத் தொடங்கி, அதன் உருவத்தைக் காண இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். 1962இல் அவரும் கெண்ட்ரூவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நான்கு நிலைகளும் எப்படிக் கோத்து நிற்கின்றன என்பதை அரிவாள் செல் சோகை என்ற நோய் மனதை வருத்தும் தெளிவோடு காட்டுகிறது. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயில் அங்கே வேலின் இருக்கிறது. வெர்னான் இங்க்ராம் 1956இல் இந்த வேறுபாடு இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு அந்த ஒரே ஒரு மாற்றத்தை உறுதிசெய்தார். குளுட்டமிக் அமிலம் தண்ணீரை விரும்பும், வேலின் வெறுக்கும். மூலக்கூறின் வெளிப்புறத்தில் தண்ணீரை வெறுக்கும் ஒரு துண்டு துருத்திக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் அது பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் ஒட்டுகிறது, அது அடுத்ததோடு, இப்படியே நீண்ட விறைப்பான இழைகள். அவை சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைத் தருகின்றன. முதல்நிலையில் ஒரு துண்டு மாறியது, நான்காம்நிலையில் கேடு வந்தது, துன்பப்படுவது ஒரு மனிதர்.

வகைகள்

புரதங்களைப் பல விதமாக வகைப்படுத்தலாம். உருவத்தை வைத்துப் பிரித்தால் இழைப் புரதங்கள், உருண்டைப் புரதங்கள், சவ்வுப் புரதங்கள் என்று மூன்று.

இழைப் புரதங்கள் நீளமானவை, பொதுவாக நீரில் கரையாதவை. உடலைக் கட்டி நிறுத்துவது அவற்றின் வேலை. கெரட்டினையும் ஃபைப்ரோயினையும் பார்த்துவிட்டோம். இவற்றில் கொலாஜனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் அதுதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிறது. அது முப்புரிக் கயிறு. மூன்று சங்கிலிகளும் தனித்தனியே இடப்பக்கமாகச் சுருண்டு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்கள் புரிகளை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவது பிரியாமல் இருக்கத்தான். அதே சூட்சுமம் இங்கேயும். இந்த முப்புரி வடிவத்தை 1954இல் முன்வைத்தவரும் ராமச்சந்திரன்தான், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து. கயிற்றின் நடு அச்சில் இடமே இல்லாததால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய கிளைசின் வந்தாக வேண்டும். அந்த இடத்தில் பெரிய துண்டு ஒன்று வந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்காது. எலும்புகள் எளிதில் நொறுங்கும் பிறவி நோய் ஒன்று இதனால் வருகிறது. முறுக்கு உறுதியாக நிற்கப் புரோலின்களில் பலவற்றின் மேல் ஓர் ஆக்சிஜன் சேர்க்கப்பட வேண்டும், அந்த வேலைக்கு வைட்டமின் சி தேவை. பழைய கடற்பயணிகளுக்கு ஈறுகள் வீங்கி ரத்தம் கசிந்ததற்குக் காரணம், வைட்டமின் சி கிடைக்காமல் அவர்களின் கொலாஜன் உறுதி இழந்ததுதான்.

உருண்டைப் புரதங்கள் பெரும்பாலும் நீரில் கரைந்து உலவுபவை. ஹீமோகுளோபின், இன்சுலின், நொதிகள் எல்லாம் இதில் அடங்கும். சவ்வுப் புரதங்கள் உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் பதிந்திருக்கும். சுற்றிலும் கொழுப்பு என்பதால், இவற்றில் நீர் வெறுக்கும் துண்டுகள் வெளிப்பக்கம் வரலாம். விதி மாறவில்லை, சூழல்தான் மாறியது.

என்னவெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தும் பிரிக்கலாம். அமினோ அமிலங்கள் மட்டும் உள்ளவை எளிய புரதங்கள். கூடவே வேறொன்றைச் சுமப்பவை இணைப்புப் புரதங்கள்: சர்க்கரை சேர்ந்தால் கிளைக்கோபுரதம், கொழுப்பு சேர்ந்தால் லிப்போபுரதம், இரும்பு போன்ற உலோகம் சேர்ந்தால் உலோகப் புரதம்.

என்னைக் கேட்டால், வேலையை வைத்துப் பிரிப்பதுதான் மனதில் நிற்கும். அதில் முதலிடம் நொதிகளுக்கு. வேதிவினைகளை வேகப்படுத்திவிட்டு, தாம் மாறாமல் நிற்பவை அவை. நொதிகள் புரதங்கள்தாம் என்பதே 1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கிய பிறகுதான் வலுப்பட்டது. நம் கண்ணீரில் உள்ள லைசோசைம் நல்ல உதாரணம். அதன் உடலில் ஒரு நீண்ட பள்ளம் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் பொருந்திப் படுக்கிறது. பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் இரண்டு பக்கச் சங்கிலிகள் அதை வெட்டிவிடுகின்றன. இந்த இரண்டும் வரிசையில் 35ஆம், 53ஆம் இடங்களில் இருப்பவை. நீட்டிய சங்கிலியில் தூரத்தில் இருந்தவை, மடிந்தபோது எதிரெதிரே வந்து கத்தரிக்கோலாயின. சிவப்பணுவில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி ஒரு நொடியில் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றித் தருகிறது.

சுமக்கும் புரதங்கள், ஹீமோகுளோபின் போல. சேமிக்கும் புரதங்கள்: ஃபெரிட்டின் 24 சங்கிலிகள் சேர்ந்த ஓர் உள்ளீடற்ற பந்து, உள்ளே இரும்பை வைத்துப் பாதுகாக்கிறது. செய்தி சொல்பவை, இன்சுலின் போல. அந்தச் செய்தியைச் சவ்வில் நின்று வாங்குபவை ஏற்பிகள். நோய்க்கிருமிகளை அடையாளம் கண்டு பிடிப்பவை எதிர்ப்பொருள்கள். நான்கு சங்கிலிகள் சேர்ந்த கவை வடிவம், கவையின் இரு நுனிகளிலும் பிடிக்கும் இடம். அப்புறம் நகரும் புரதங்கள். ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தசையைச் சுருக்குகின்றன. கைனீசின் என்ற புரதம் உண்மையிலேயே நடக்கிறது: உயிரணுவுக்குள் போடப்பட்ட நுண்குழாய்ப் பாதையில், மேலே சுமையோடு, இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து, ஓரடிக்கு 8 நானோமீட்டர். முதல்முறை இதைப் படித்த அன்று, என் உடலுக்குள் கோடிக்கணக்கில் இப்படி நடந்துகொண்டிருக்கின்றன என்ற நினைப்பிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். எல்லாப் புரதத்துக்கும் ஒரு நிலையான உருவம் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. சில புரதங்களோ, சிலவற்றின் நீண்ட பகுதிகளோ நிலையாக மடிவதே இல்லை, நெளிந்துகொண்டே இருக்கின்றன. யாரோடு சேர்கின்றனவோ அதற்கேற்ற உருவத்தை அப்போது எடுக்கின்றன. அந்த நெகிழ்ச்சியே அவற்றின் வேலைக்குத் தேவைப்படுகிறது.

வரிசையிலிருந்து உருவத்துக்கு

உருவத்துக்கான செய்தி வரிசையில் இருக்கிறது என்று ஆன்ஃபின்சென் காட்டிவிட்டார். அப்படியானால் வரிசையைப் பார்த்தே உருவத்தைச் சொல்ல முடிய வேண்டுமே? ஐம்பது ஆண்டுகள் இந்தக் கேள்வி ஆய்வாளர்களைத் திணறவைத்தது. சாத்தியமான மடிப்புகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது என்று சைரஸ் லெவிந்தால் 1969இல் சுட்டிக்காட்டினார். ஆனால் புரதமோ நொடிகளில், சில நேரம் அதற்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகிறது. 2020இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல், வரிசையை மட்டும் வைத்துப் பல புரதங்களின் உருவத்தைச் சோதனைக்கு நெருக்கமான துல்லியத்தோடு கணித்தது. 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணிப்புகள் வெளியாயின. டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிரல் கற்றுக்கொண்டது எங்கிருந்து? கெண்ட்ரூ, பெரூட்ஸ் காலம் தொட்டு உலகெங்கும் ஆய்வாளர்கள் பொறுமையாகக் கண்டறிந்து பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உருவங்களிலிருந்து.

உண்ணும் புரதத்தைப் பற்றிக் கடைசியாகக் கொஞ்சம். கொலாஜன் சாப்பிட்டால் அது அப்படியே தோலில் போய்ச் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். வயிற்றின் அமிலம் முதலில் புரதத்தின் மடிப்புகளைக் குலைக்கிறது. அவிழ்ந்த சங்கிலியைப் பெப்சினும், பிறகு குடலில் மற்ற நொதிகளும் வெட்டுகின்றன. ரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களும் மிகச் சிறு துண்டுகளும்தான். எந்தப் புரதத்திலிருந்து வந்தோம் என்ற நினைவு அந்தத் துண்டுகளுக்குக் கிடையாது. உடல் தனக்கு வேண்டிய வரிசையில் அவற்றைப் புதிதாகக் கோக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்களை நம் உடலால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்தே வர வேண்டும். மற்றவற்றைத் தானே செய்துகொள்ளும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினைச் சாதாரண மாத்திரையாக விழுங்க முடியாமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதற்கும் இதுவே காரணம். விழுங்கினால் சாங்கர் பத்தாண்டு பாடுபட்டுப் படித்த அந்த 51 துண்டுகளின் வரிசையை, வயிறும் குடலும் சில மணி நேரத்தில் உதிர்த்துவிடும்.